இடது காது

"இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா" என்று சொல்லிக்கொண்டே மகள் ஈர விரிப்பை அப்பாவின் இடுப்புக்கு அடியிலிருந்து உருவினாள். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவரை மார்போடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்திருந்தாள். ஒரு காலத்தில் இரும்புக் கேட்டைத் தனியாளாகத் தூக்கி நிறுத்திய வெல்டர் அவர். இப்போது தலையைத் தாங்கக்கூட வலு இல்லாமல் அம்மாவின் இடது தோளில் சாய்ந்து கிடந்தார்.

அப்போதுதான் பேசினார். முந்தாநாளிலிருந்து வாயே திறக்காத மனிதர். குரல் என்று அதைச் சொல்ல முடியாது, மூச்சோடு மூச்சாக வந்தது. ஆனாலும் அவர் முதுகுக்குப் பின்னால் குனிந்திருந்த மகளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"உன் காதை நான்தானே கெடுத்தேன். ஊருக்கெல்லாம் சொன்னேன். உன்கிட்ட சொல்லலை. என்னை மன்னிச்சுரும்மா."

அவர் வாய் இருந்தது அம்மாவின் இடது காதருகே. அவர் கெடுத்த காதே அதுதான்.

"என்னடி மசமசன்னு நிக்கிறே? சீக்கிரம் உருவு, கை கடுக்குது" என்றாள் அம்மா.

மகள் விரிப்பைப் பிடித்தபடியே நின்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக அம்மா எத்தனை காலம் காத்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும்.

வெல்டர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் விட்ட அறையில் அம்மாவின் இடது காது செத்துப்போனது. பிறகு அவர் சபைக்குப் போனார், ஞானஸ்நானம் எடுத்தார், குடியை விட்டார். விட்டது விட்டதுதான், அதில் நடிப்பு எதுவும் கிடையாது. பாத்திரம் துலக்கினார். வெளியே போனால் அம்மாவுக்கு வலப்பக்கமாகவே நடந்தார், பேசினால் கேட்கட்டும் என்று. சபையில் எழுந்து நின்று பழைய பாவத்தைச் சாட்சியாகச் சொல்லிச் சொல்லி அவருக்குச் 'சாட்சி வெல்டர்' என்றே பெயர் வந்துவிட்டது. புதிதாக யாராவது குடிகாரர் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், பாஸ்டர் மைக்கை இவர் கையில் கொடுத்துவிடுவார். "ஒரே அறை, என் சம்சாரத்துக்கு ஒரு காது போச்சு" என்ற இடம் வந்ததும் எல்லாத் தலையும் அம்மா பக்கம் திரும்பும். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பாள். முடிந்ததும் "ஸ்தோத்திரம் அண்ணே" என்று அவர் கையைக் குலுக்க வரிசை கட்டி நிற்பார்கள். அம்மாவிடம் வந்து ஒருவரும் எதுவும் கேட்டதில்லை.

"வீட்டுல என்கிட்ட ஒரு வார்த்தை, அவ்வளவுதான்டி. மைக் இல்லாம" என்று அம்மா ஒருமுறை அடுப்படியில் மகளிடம் சொன்னாள்.

மகளுக்குக் கஸ்டமர் கேரில் வேலை. காலையில் ஹெட்போனை மாட்டினால், யாரோ செய்த தப்புக்கு யார் யாரிடமோ நாள் முழுக்க மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தத் தைரியத்தில் ஒரு நாள் அப்பாவிடமே கேட்டுவிட்டாள், அம்மாவிடம் சொன்னால் என்ன என்று.

"கர்த்தர்கிட்ட தீர்த்தாச்சும்மா" என்றார் அவர்.

"அடி வாங்கினது கர்த்தர் இல்லையேப்பா."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். அதன்பின் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

இன்றைக்குத்தான் சொன்னார். எந்தக் காது கேட்கும் என்பது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனால் தலையைத் தூக்கி அடுத்த தோளுக்கு மாற்ற அவரால் முடியவில்லை. தலை சாய்ந்த பக்கத்துக் காதிலேயே சொல்லிவிட்டார்.

விரிப்பை மாற்றி அவரைப் படுக்க வைத்தார்கள். அவர் கண் அம்மாவின் முகத்தைவிட்டு நகரவில்லை. பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது மகளுக்குப் புரிந்தது. அம்மா அவர் கடைவாயைத் துடைத்துவிட்டு, "தண்ணி வேணுமா?" என்றாள்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார்.

'தண்ணி வேணுமா' என்றதையே பதில் என்று எடுத்துக்கொண்டாரே! மகள் கட்டிலின்மேல் ஏறிக் குனிந்தாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கேக்கலைப்பா. வேணும்னு பேசாம இருக்கலை. திரும்பச் சொல்லுங்க. அப்பா!"

கண் திறக்கவில்லை. காதில் விழுந்ததா என்றும் தெரியவில்லை.

"என்னடி கேக்கலை? என்ன சொன்னாரு?" என்றாள் அம்மா.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவர் வாயால் வரவேண்டிய வார்த்தை, தான் நடுவில் புகுந்து சொன்னால் அதற்கு மதிப்பில்லை என்று மகளுக்குத் தோன்றியது. "அவரே சொல்லட்டும். வலது காதைக் குடும்மா" என்றாள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி, அவர் வாயருகே வலது காதைக் கொண்டுபோனாள். வெறும் மூச்சுதான் வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. பிறகு நெஞ்சு ஏறவில்லை. மகள் அதைப் பார்த்தாள். அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"இரு, ஏதோ சொல்ல வர்றாரு" என்றாள் அம்மா, குனிந்தபடியே.

*

பாஸ்டர் வந்தபோது அம்மா அப்பாவின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சபைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டை. பாஸ்டர் நல்ல மனிதர், வெல்டரைவிட வயதில் சின்னவர். கட்டிலருகே முழங்கால் போட்டு ஜெபம் செய்தவர், எழுந்திருக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணன் பாவம் எல்லாம் எப்பவோ கழுவியாச்சு. நிம்மதியாத்தான் போயிருப்பாரு" என்றார்.

மகளுக்கு அந்தச் சுவரும், அதைப் பார்த்துத் திரும்பிய முகமும் நினைவுக்கு வந்தன. நிம்மதியாகவா போனார்? இதற்கு யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

"கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார் பாஸ்டர்.

"சொன்னாரு. அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டாரு. காதைக் கெடுத்ததுக்கு" என்றாள் மகள்.

"அல்லேலூயா!" என்று பாஸ்டர் கண்ணை மூடினார்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மகளைப் பார்த்துச் சிரித்தாள். கோபமில்லாத, களைத்த சிரிப்பு.

"இவ அப்படித்தான் சொல்லுவா பாஸ்டர். சின்னப் பிள்ளையிலேருந்தே. அவரு அடிச்சுப்போட்டு வெளிய போயிடுவாரு. இவ வந்து, 'அம்மா, அப்பா வாசல்ல நின்னு அழுவுறாரும்மா'ன்னு சொல்லுவா. எட்டிப் பார்த்தா வாசல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"அம்மா, அது வேற. இது நிஜம்மா" என்றாள் மகள். "நீ அவரைத் தூக்கிப் பிடிச்சிருந்தப்போ சொன்னாரு. இந்தக் காதுல சொன்னாரும்மா. நான் பின்னாடிதான் இருந்தேன்."

"சரிம்மா."

"சரிம்மான்னா? நம்புறியா, இல்லையா?"

"நீ நல்ல பொண்ணு" என்றாள் அம்மா.

மகள் அவளுடைய வலப்பக்கம் போய் நின்று, தோளைப் பிடித்துக்கொண்டு, அப்பா சொன்னதைச் சொன்னபடியே ஒப்பித்தாள். உன் காதை நான்தானே கெடுத்தேன், ஊருக்கெல்லாம் சொன்னேன், உன்கிட்ட சொல்லலை. முதலில் சாதாரணமாக, பிறகு சத்தமாக. தன் குரலே தனக்குப் பொய்யாகக் கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சபைப் பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று அம்மா அவள் கன்னத்தைத் தட்டினாள். "கத்தாதே. ஆளுங்க வந்துட்டாங்க பாரு."

பாஸ்டர் வேத புத்தகத்தைப் புரட்டினார். வேண்டிய பக்கம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, மூடிவிட்டார்.

அம்மா சூடாறாத சட்டையை எடுத்து உதறிக்கொண்டு கட்டிலருகே போனாள். அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"வா, வந்து பிடி. விறைச்சுப் போச்சுன்னா போட முடியாது" என்றாள். "முதல்ல வலது கை."

மகள் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தாள். அம்மா அவர் விரல்களை மடங்காமல் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிடித்து, சட்டைக் கைக்குள் மெல்ல நுழைத்தாள்.