உயிர் படித்த எழுத்து

ஆராவமுதன் இருபது வருஷமாகத் தூத்துக்குடி ஹைஸ்கூல் ஒன்றில் சயன்ஸ் வாத்தியார். எதையும் நிரூபித்தால்தான் நம்புவார். காப்பிக்குச் சர்க்கரை போட்டாயிற்று என்று மனைவி பூமா சொன்னால்கூட, ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டு விவகாரத்தில்தான் கருப்பட்டிக் கடை அய்யாக்குட்டியின் உயிர் வந்து தலையிட்டது.

அய்யாக்குட்டி மத்தியானச் சாப்பாடு ஆனதும் கடைப் பலகையில் பாதியைச் சாத்திவிட்டு, கருப்பட்டி நிரம்பிய ஓலைக் கொட்டான்களுக்கு நடுவே கட்டையைச் சாய்ப்பார். உடம்பு அங்கேயே குறட்டை விட்டுக்கொண்டிருக்க, உயிர் மட்டும் எழுந்து ஊர் சுற்றப் போகும் என்பது அவர் கட்சி. போகிற போக்கில் தன் தொந்தியைத் தானே மேலிருந்து பார்ப்பாராம். துறைமுகத்தைத் தாண்டி, கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளைந்திருக்கிறதா என்று மேற்பார்வை பார்த்துவிட்டு, நாலு மணி வியாபாரத்துக்கு டாணென்று திரும்பிவிடுவாராம். யுத்த காலத்தில் பெட்ரோல் கேட்காத ஒரே விமானம் அதுதான்.

அதுவரை ஆராவமுதனுக்கும் சிரிப்புத்தான். போன மாதம் கருப்பட்டி வாங்கப் போன பூமாவிடம் அந்த மனுஷர், "உங்க மவனைப் பாத்தேன் தாயி. மலாயாவுல ஒரு மரத்தடியில உக்காந்து சோறு திங்கான்" என்று சொல்லிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சடகோபன் அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கிளார்க். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஒன்றரை வருஷமாகிறது. பிள்ளையிடமிருந்து ஒரு வரி இல்லை. அப்போதிருந்து பூமா மத்தியானச் சாப்பாட்டை விட்டிருந்தாள். புருஷன் எவ்வளவோ கெஞ்சியும் கேட்காதவள், கருப்பட்டிக்காரர் சொன்ன அன்றைக்கு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ரசத்துக்கு இரண்டாம் தடவை சாதம் வைத்துக்கொண்டாள். ஆராவமுதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யை நம்பிச் சாப்பிடுகிறவள், அது பொய்யென்று தெரிகிற அன்றைக்கு என்ன ஆவாளோ என்ற பயம் அது. அவரோ அதற்கு விஞ்ஞானத்தின் மானம் என்று பெயர் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"ஓய் அய்யாக்குட்டி, நீர் பாக்கறது அகமா, புறமா?"

"நான் பாக்கது மலாயா, சாமி."

"உம்ம மண்டைக்குள்ளே இருக்கறதை நீரே பாத்தா அது அகம். வெறும் சொப்பனம். வெளியிலே நிஜமா இருக்கறதைப் பாத்தாத்தான் புறம். ஞாயித்துக்கிழமை எங்காத்துப் பீரோ மேலே ஒரு தாள்லே ஒண்ணு எழுதி வெக்கறேன். மத்தியானம் உம்ம உயிர் வந்து பாக்கட்டும். தப்பாச் சொன்னா, நீரே வந்து எங்காத்துக்காரிகிட்டே எல்லாம் சொப்பனம்னு சொல்லிடணும்."

அய்யாக்குட்டி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரியென்றார். தோணி ஓட்டும் ரோச் மத்தியஸ்தம் பார்க்க வந்தார். யுத்தத்தில் தோணி கரையேறிக் கிடந்ததால் அவருக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூமா பின்கட்டில் இருந்த நேரம் பார்த்து ஆராவமுதன் ஸ்டூல் மேல் ஏறினார். படிக்க வரப்போவது உயிர். ஆகவே உயிரெழுத்தே பொருத்தம் என்று பெரிதாக ஓர் 'அ' எழுதி வைத்தார். இந்தச் சாமர்த்தியத்தை மெச்ச ஆளில்லாததால் ஸ்டூலில் நின்றபடி தானே சிரித்துக்கொண்டார்.

கடையில் அய்யாக்குட்டி ஒரு மணி நேரம் குறட்டை விட்டார். எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "எட்டு" என்றார்.

"என்னது?"

"எட்டு, சாமி. தாள் நடுவுல ஒத்தை எட்டு."

"நான் எண்ணே எழுதலை ஓய்! எழுத்துன்னா எழுதினேன்!" ஆராவமுதன் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"தாளைப் பாக்காண்டாமா?" என்றார் ரோச்.

"வாத்தியார் பொய் சொல்லுவனா?"

"சாமி சொன்னாச் சரிதான்" என்றார் அய்யாக்குட்டி. முகம் செத்துப்போயிருந்தது. "காலைல வந்து தாயிகிட்ட சொல்லிருதேன்."

ஆராவமுதன் வெற்றியோடு வீடு வந்தார். "பீரோ மேலே நான் எழுதி வெச்சதை உன் கருப்பட்டிக்காரர் தப்பாச் சொல்லிட்டார். நாளைக்கு வந்து அவரே ஒத்துக்கப் போறார்" என்று மட்டும் சொன்னார். பூமா முறத்திலிருந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து மறுபடி பானையில் போட்டாள். அதைப் பார்க்கத் தாங்காமல், சாட்சிக்குத் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் பார்த்தாள். "எட்டுன்னு எழுதி வெச்சேளா?"

"எட்டா? 'அ'னாடி அது!"

"பாராயணப் புஸ்தகத்துலே எட்டாம் பாட்டுக்கு இப்படித்தானே போட்டிருக்கு?"

தமிழ் எண்ணில் எட்டுக்கும் அகரத்துக்கும் உருவம் ஒன்றுதான். இருபது வருஷமாக இங்கிலீஷ் எண்ணில் மார்க் போட்ட வாத்தியாருக்கு அது மறந்துவிட்டது. கொட்டானுக்குக் கொட்டான் தமிழ் எண்ணில் எடை எழுதுகிற அய்யாக்குட்டிக்கு அந்த உருவம் எட்டாகத்தான் தெரியும்.

ஆராவமுதன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஏதோ ஓர் எண்ணைச் சொன்னால் ஒன்பதில் ஒரு தடவை பலிக்கும், தற்செயல் என்றது புத்தி. ஒருவேளை யாராவது ஸ்டூலில் ஏறிப் பார்த்திருக்கலாம் என்றது. சந்தேகங்கள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு அதில் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் அய்யாக்குட்டி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்குகையில், ஆராவமுதன் எதிரே வந்து நின்றார்.

"கிளம்பிட்டேன் சாமி. தாயிகிட்ட அதைச் சொல்லதுக்குத்தான் நாக்கு எழும்ப மாட்டேங்கு."

"வர வேண்டாம்."

"ஏன் சாமி?"

ஆராவமுதன் தம்மிடம் படிக்கிற பையன் எவனாவது தெருவில் வருகிறானா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அண்ணாச்சி, இன்னிக்கு மத்தியானம் கொஞ்சம் சீக்கிரமாத் தூங்கறேளா?"