விளிம்போரச் சனல்

எதையும் இரண்டாகப் பிரித்துவிட்டால் நியாயம் செய்தாயிற்று என்று நினைக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். எஞ்சினியர் தியாகராஜா அந்த ரகம்.

கண்டி வாவிக்கு மேலே, சரிவில் எழும்பிக்கொண்டிருந்த ஹோட்டலின் மூன்றாம் மாடியில் கண்ணாடிச் சுவர் மாட்ட வேண்டும். அதற்காகத் தளத்தின் ஓரத்தில், கொங்கிரீட் ஊற்றும்போதே போல்ட் மாட்டுவதற்கான பள்ளம் கொண்ட இரண்டு இரும்புச் சட்டங்களை, அதாவது சனல்களை, அருகருகே நீளவாக்கில் புதைத்திருந்தார்கள். ஒன்று விளிம்பிலிருந்து மூன்றே அங்குலம். மற்றது ஓரடி உள்ளே. கண்ணாடியைத் தாங்கும் தகட்டை இரண்டோடும் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். காற்று வெளியே இழுக்கும்போது இழுவை முழுவதும் உள் சனலுக்குப் போக வேண்டும். விளிம்பிலிருப்பதைப் பிடித்து இழுத்தால் அங்குள்ள கொஞ்சக் கொங்கிரீட்டும் பிளந்துவிடும். அதனால்தான் தகட்டில் விளிம்புப் பக்கத் துளையை மட்டும் நீளமாக வெட்டி அனுப்பியிருந்தார்கள். அதற்குள் போல்ட் சற்று நகரும், இழுவை ஏறாது.

அந்த நீளத் துளை தியாகராஜாவின் கண்ணை உறுத்தியது.

"ரெண்டு சனல் கிடக்குது. ஒண்டு சும்மா இருக்க மற்றது ஏன் சுமக்க வேணும்? வாஷரை வெல்ட் பண்ணி ஓட்டையை அடை. பாரம் பாதி பாதியாப் போகும்" என்றார் வெல்டர் இராமையாவிடம். இராமையா தலையாட்டிவிட்டு மெஷின் எடுக்கப் போனார்.

பக்கத்தில் நின்ற தொழில்நுட்ப அலுவலர் ஞானேஸ்வரிக்குப் பகீரென்றது. "சேர், ஓரத்துல இருக்கிறது பாதி தாங்காது. இழுவை முதல்ல அதுலதான் ஏறும். உடைஞ்சிரும்."

"நீர் டிப்ளோமா தானே?"

அவ்வளவுதான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் படித்தவளுக்கு அந்தத் 'தானே' குத்த வேண்டிய இடத்தில் குத்தியது. வாயை மூடிக்கொண்டாள். அங்கே எஞ்சினியரின் வாய்ச்சொல்தான் கட்டளை. எழுதித் தாருங்கள் என்று கேட்டால் திமிர் பிடித்த ஆள் என்று பெயர். இராமையா இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் இருபத்துநான்கு தகடுகளுக்கும் வாஷர் ஒட்டினார்.

மூன்றாம் நாள் சோதனை. கீழே கயிறு கட்டி ஆட்களை விலக்கிவிட்டு, ஜாக்கி வைத்து முதல் தகட்டை வெளிப்பக்கமாக இழுத்தார்கள். கணக்கிட்ட பாரத்தில் பாதிகூட ஏறவில்லை. விளிம்பு வெடித்து, ஒரு கைப்பெட்டி அளவு கொங்கிரீட் பெயர்ந்து கீழே விழுந்தது.

தியாகராஜா முழுக் கூட்டத்துக்கும் கேட்க இராமையா பக்கம் திரும்பினார். "ஆரடா உன்னை வெல்ட் பண்ணச் சொன்னது?"

"சேர்தானுங்களே சொன்னீங்க."

"எழுத்தில இருக்குதோ?"

இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி அது. என்ன துணிச்சல் இந்த மனுஷனுக்கு என்று ஞானேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இராமையா அவளைப் பார்த்தார். "மிஸ், நீங்களும் நின்னீங்கதானே?"

அதற்குள் தியாகராஜா சோதனைப் படிவத்தை நிரப்பி நீட்டினார். காரணம்: வெல்டர் அனுமதியின்றிச் செய்த வேலை. "சாட்சிக் கையெழுத்து வையும். இவன் நாளையில இருந்து வரத் தேவையில்லை."

ஞானேஸ்வரி பேனாவை வாங்கி அந்த வரியைக் குறுக்கே வெட்டினாள். வெல்ட் செய்யச் சொன்னவர் எஞ்சினியர் தியாகராஜா, சொன்னபோது நான் அங்கே நின்றேன் என்று எழுதினாள்.

"உமக்கும் வேலை போகும்."

"போகட்டும் சேர்."

அதோடு நிறுத்த மனம் வரவில்லை; எஞ்சினியரின் குற்றத்தை மட்டும் எழுதிவிட்டுத் தான் நல்லவளாக நிற்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இன்னொரு வரியும் எழுதிக் கையெழுத்திட்டு, தியாகராஜா நீட்டிய கையைத் தாண்டி இராமையாவிடம் கொடுத்தாள். "வாசிச்சுப் பாருங்கண்ணே."

இராமையா எழுத்துக் கூட்டி வாசித்தார். முதல் வரியில் அவர் முகம் தெளிந்தது. இரண்டாவது வரியில் நின்று, திரும்ப ஒருமுறை வாசித்தார்.

"ஒடையும்னு தெரிஞ்சேவா மிஸ், ரெண்டு நாளா என்னையப் பாத்துக்கிட்டு நின்னீங்க?"