வாலுவின் மேலுதடு

1

இந்தக் கதை என் தங்கையின் மேலுதட்டில் பிறந்தது. ஒப்புக்கொள்கிறேன். "என் மூஞ்சியில வந்த கட்டியை வச்சு நீ பேர் வாங்கப் பாக்கிற!" என்று அவளே சொல்லிவிட்டாள். பேண்டு குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறவள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். இத்தனை வயதாகியும் மாறவில்லை.

முதல் தொடக்கம்: நுண்ணோக்கியில் கண் வைத்த மருத்துவர் அதிர்ந்துபோய்...

படித்துவிட்டு என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் திசுவைப் பார்த்து நோய் சொல்கிற டாக்டர். "அதிர்ச்சியெல்லாம் ஆக மாட்டோம்மா. டீ ஆறிப்போயிருக்கும், கழுத்து வலிக்கும், அவ்வளவுதான்."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

நடந்தது இதுதான். முகத்தில் தழும்பு விழக்கூடாதென்று வாலு கெஞ்சியதால், தோல் டாக்டர் கட்டியின் மேலாக ஒரு சீவல் மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். என் வீட்டுக்காரர் பார்த்தார். வியர்வைச் சுரப்பியில் வருகிற சாதாரணக் கட்டி மாதிரிதான் இருந்தது. குட்டிக் குட்டிக் குழாய்கள், சாதுவான செல்கள். கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

(இந்த இடத்தில் ஒரு வில்லன் வேண்டுமென்று தோன்றியது. தோல் டாக்டரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். மனசு வரவில்லை, தங்கமான மனுஷர்.)

அன்று சாப்பிடும்போது வாலு என்னைச் சீண்டினாள். "உன் கதையைப் படிச்சு மூளை மரத்துப்போச்சு. உதடுதான் ஏற்கெனவே மரத்துக் கிடக்கே."

என் வீட்டுக்காரர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "எப்ப இருந்து?"

"எது மாமா, கதையா?"

"உதடு."

"கட்டி வந்ததுல இருந்துதான். ஊதும்போது பாதி உதடு பக்கத்து வீட்டுக்காரங்களுது மாதிரி இருக்கும்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவர் கேக்கவே இல்லையே!"

3

அவர் கையெழுத்துப் போடவில்லை. இதே சுரப்பியில் ஒரு புற்றும் உண்டாம். மேலே பார்த்தால் பரம சாது. அடியில் நரம்பைச் சுற்றிக்கொண்டு ஊர்ந்து போகுமாம், அதில்தான் அந்த இடம் மரத்துப்போகுமாம். சீவலில் அடியே இல்லை.

"ஆழமா ஒரு துண்டு வேணும், வாலு."

"தழும்பு விழுந்தா விழட்டும். ஊத முடியாம போயிடுமா மாமா?"

"பொய் சொல்ல மாட்டேன். தெரியல."

வாலு அழுதாள். எனக்கு என் வீட்டுக்காரர்மேல் கோபமும் பாசமும் ஒன்றாகப் பொங்கின.

4

ஆழமாக எடுத்த துண்டும் பரிசோதனைக்குப் போயாயிற்று. இந்த முறை அவர் ஸ்லைடைத் தன்னோடு வேலை பார்க்கும் டாக்டரிடம் கொடுத்துவிட்டார். "பாசம் இருக்கிற கண்ணு நல்லதைத்தான் தேடும்" என்றார். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

முடிவு ஒன்று: சாதாரணக் கட்டிதான். வாலு வீடே அதிர ஊதுகிறாள், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

முடிவு இரண்டு: புற்றேதான். வெட்டிய விளிம்பில் புற்றே இல்லையென்று ஆகும்வரை வெட்டி, பார்த்து, மறுபடி வெட்டி, அவள் உதடு...

(இதை முடிக்க என்னால் ஆகாது.)

இரண்டையும் வாலுவிடம் காட்டினேன். "கையை வச்சுக்கிட்டு சும்மா இரு அக்கா. முடிவை ஆஸ்பத்திரியில எழுதட்டும்."

தையல் பிரிக்கும்வரை அவள் ஊதக் கூடாது. பக்கத்து அறையில் ட்ரம்பெட்டை மடியில் போட்டுக்கொண்டு அதன் பொத்தான்களை விரலால் மட்டும் அழுத்திக்கொண்டிருக்கிறாள். டக், டக், டக். மூச்சே இல்லாமல் ஒரு பாட்டு முழுதாகப் போகிறது.

அதனால் நான் முடிக்கவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றோ, இரண்டோ, உங்களுக்குத் தோன்றுகிற மூன்றாவதோ, எதுவானாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: கடைசி வரியில் அவள் ஊத வேண்டும்.