ஜெபக் குறிப்பு

1

இந்தக் கதையை ஒரு ஜெபத்திலிருந்து திருடினேன். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது திருடுவது சுலபம்.

பழக்கமில்லாதவர்களுக்காக: கிறிஸ்தவர்கள் வீட்டில் கூடும் ஜெபக் கூட்டத்தில் யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அதற்கு ஜெபக் குறிப்பு என்று பெயர். (முதலில் 'ஊர்வம்பு' என்று எழுதி அடித்தேன். அடித்தது தெரியட்டும்.)

2

முதல் தொடக்கம்: 'அக்கா கெட்டவள் அல்ல.' நீக்கிவிட்டேன். அப்படித் தொடங்கினால் நீங்கள் உடனே அவளைச் சந்தேகிப்பீர்கள்.

இரண்டாவது: நர்ஸாக இருக்கும் தங்கை, வெகுநாள் கழித்து அக்கா வீட்டுக் கூட்டத்துக்கு வந்தாள். "சும்மா வாடி, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்று அக்காதான் கூப்பிட்டிருந்தாள். கணவனை விட்டுவிட்டு, கல்யாணம் செய்துகொள்ளாமல் வேறொருவரோடு குடியிருக்கிறாள் தங்கை. சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு வட்டத்தில் உட்கார்ந்தாள். அக்கா இந்த முறையும் கைவிட்டால் தங்கை இனி இந்தப் படி ஏறமாட்டாள். எதிர்வீட்டுக்காரனாக அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அது தெரிந்தது.

3

அக்கா ஜெபித்தாள்.

"ஆண்டவரே, பேர் சொல்ல விரும்பல, உமக்கே தெரியும். கட்டின புருஷன விட்டுட்டு இன்னொருத்தரோட இருக்கிற அந்தப் பிள்ளையோட கண்ணைத் திறந்தருளும். ராத்திரி டியூட்டின்னு அது சொல்றதெல்லாம் எவ்வளவு நெசம்னு..."

ஆண்டவருக்குத் தெரிந்ததை அவருக்கே எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்வது என்று இங்கே ஒரு பத்தி வைத்திருந்தேன். கிண்டல் கூடிப்போனதால் எடுத்துவிட்டேன். அக்காவின் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. தங்கை நரகத்துக்குப் போய்விடுவாள் என்று மனதாரப் பயப்படுகிறாள். உடன்பிறந்தவள் தப்பு செய்வதைக் கண்டும் காணாமல் இருப்பதுதான் அன்பா?

ஆனால்

4

ஆனால், அந்தக் கணவன் தங்கையின் கையை முறித்ததால் அவள் மாவுக்கட்டோடு இதே அறைக்கு வந்த நாளில் அக்கா சொன்னது வேறு.

"நாம யாருடி அவர நியாயந்தீர்க்க? பொறுத்துக்கோ. ஜெபிப்போம்."

வட்டம் முழுக்க ஆமென் சொன்னது. இதை எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டிய அன்றைக்கு எல்லோரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

5

முடிவு ஒன்று: தங்கை எழுந்து, கதவை அறைந்து சாத்தி (சினிமா.)

முடிவு இரண்டு: அக்கா அழுதபடி மன்னிப்பு (எனக்கு அவளைத் தெரியும். கேட்கமாட்டாள்.)

நடந்தது இவ்வளவுதான். வட்டத்தில் அடுத்த முறை தங்கையுடையது.

"ஆண்டவரே, எனக்கும் ஒரு குறிப்பு இருக்கு. நான் ஒளிச்சுப் பேசல, எங்க அக்காவுக்காகத்தான். என் கை ஒடைஞ்சப்ப அவ யார் பக்கம் நின்னான்னு உமக்குத் தெரியும். அவளுக்கும் தெரியப்படுத்தும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்லாமல் ஜெபம் முடியாது. முடியாமல் கண்ணைத் திறக்கவும் முடியாது.

இதற்கு மேல் எழுதமாட்டேன். என்னை விட்டால் அக்காவுக்கு ஒரு தண்டனை எழுதிவிடுவேன். அப்புறம் அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? தங்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள், அடுத்து நீங்கள்தான். ஆமென் சொன்னால் அக்காவுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். சொல்லாவிட்டால் தங்கைக்கு. இருவரும் கண்ணை மூடியபடி காத்திருக்கிறார்கள்.