வேலியடிப் பந்து

அரப்பையும் எண்ணெயையும் ஞானாம்பிகை தவறுதலாகக் கடைசியாகக் குளிப்பாட்டக் கிடத்தியிருந்த கணவனின் வலது தோளில் வைத்துவிட்டாள். தலையில்தான் வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஒரு மாதமாக ஒவ்வோர் இரவும் எண்ணெய் தேய்த்துப் பழகிய கை, தன்பாட்டில் தோளுக்குப் போய்விட்டது.

“தலையிலை வை, பிள்ளை,” என்றாள் மாமி.

தில்லைநாதனுக்கு நாற்பது வயது. சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகிற தோட்டக்காரன். கிரிக்கெட் என்றால் மட்டும் சின்னப்பிள்ளை. ஊர்க் கழகத்தில் எல்லைக்கோட்டில் நிற்பது எப்போதும் அவன்தான். போன வருடப் போட்டியில் அவன் எறிந்த பந்து விக்கெட்டுக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் விழுந்து உருண்டது. அந்த ஓட்டத்தோடு ஆட்டமும் போனது. கழகத்துப் பெடியள் ஏசவில்லை. அடுத்த முறை அவனை ஸ்கோர் எழுதச் சொன்னார்கள். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

வெங்காயம் கிண்டி முடிந்த வெறுந்தோட்டத்தில் ஒரு மாதத்துக்கு முன் கையைப் பழக்கத் தொடங்கினான். முதலில் கிட்ட நின்று எறிவான். தோள் இளக இளகப் பின்னுக்குப் போய், கடைசியில் பூவரசடியிலிருந்து எதிர் வேலிவரை எறிவான். அதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். முந்தித் தம்பி கதிரவேலு நிற்பான். அவன் குவைத்துக்குப் போய்விட்டான். பெடியளைக் கேட்க ரோசம் விடவில்லை. மனைவியைத்தான் கேட்டான்.

“இஞ்சாரும், வேலியடியிலை வந்து நில்லும். பிடிக்க வேண்டாம். பொறுக்கி எறிஞ்சால் காணும்.”

“உங்களுக்கு விசரே? ரோட்டாலை போற சனம் என்ன கதைக்கும்?”

பிறகு அவன் கேட்கவில்லை. தானே எறிந்து, தோட்டத்தின் நீளத்துக்கும் தானே நடந்துபோய் எடுத்து வந்தான். குசினி யன்னலால் பார்க்க அவளுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

நேற்றுக் காலை பந்தெடுக்கப் போனவன் வரவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டதென்று சினந்துகொண்டு அவள் தேடிப் போனபோது, வேலியோரம் குப்புறக் கிடந்தான். நெஞ்சுவலி என்றார் டாக்குத்தர். உடனே ஆராவது கண்டிருந்தால் என்று தொடங்கியவர், அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காலையில் கொஞ்ச நேரம் வேலியடியில் நின்றிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும். இரவு முழுக்க அவளுக்கு அந்த ஒரே நினைப்புத்தான்.

பாடை கட்டும்போது கழகத் தலைவன் இளையதம்பி வந்தான்.

“அக்கா, அண்ணையின்ரை பந்து எங்கை? அவரோடை வைச்சு விடுவம்.”

“தெரியாது,” என்றாள். எங்கே கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

பெடியள் புதுப் பந்தொன்றை வாங்கிவந்து வலது கைக்குள் வைத்தார்கள். விரல்கள் மடியவில்லை. பந்து உருண்டு இடுப்படியில் தங்கியது.

பெண்கள் வழமைபோலப் படலையோடு நின்றுவிட்டார்கள். பறைச் சத்தம் ஒழுங்கை முடக்கைத் தாண்டியதும் ஒவ்வொருவராகக் கிணற்றடிக்கு முழுகப் போனார்கள். ஞானாம்பிகையும் முழுகினாள். மாமி கூப்பிட்டதைக் கவனியாமல் ஈரச் சேலையோடு தோட்டத்துக்கு இறங்கினாள்.

பந்து வேலியடியில், காய்ந்த வெங்காயத் தாளுக்குள் கிடந்தது. ரோட்டால் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். பூவரசடியைப் பார்த்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தாள்.

பாதித் தூரம்கூடப் போகவில்லை. எடுத்துத் தர எதிரில் ஆளில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளே நடந்தாள்.