அழுகை இல்லாத படம்

வாத்துக்குஞ்சுப் படம் முடிந்ததும் ஈவ்லின் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதை பென் டிரைவிலிருந்து அழித்தாள். தாய் வாத்து ஏரியைத் தாண்டிப் போகிறது, திரும்பவே இல்லை. குஞ்சு கரையிலேயே காத்துக் கிடக்கிறது, பிறகு மற்ற குஞ்சுகளோடு நீந்தப் போய்விடுகிறது. பேச்சே இல்லாத குட்டிப் படம். அழகாகத்தான் வரைந்திருந்தார்கள். ஆனால் நாளை டிவி முன்னால் உட்காரப்போகும் பிள்ளைகளில் ஜீவிதாவும் இருப்பாள்.

மஞ்சூருக்கு மேலே இருந்த தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். ஈவ்லின் அங்கே டீச்சர். மழைக்காலத்தில் பிள்ளைகள் வெளியே ஓட முடியாது என்று மானேஜர் பங்களாவிலிருந்து ஒரு பழைய டிவியைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். படங்களைத் தேடி எடுக்கும் வேலை அவளுடையது. பல நாள் சாயங்காலம் அதற்கே போனது. பேய் இருந்தால் வேண்டாம், அடிதடி இருந்தால் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்தாள். இப்போது அம்மா திரும்பாத கதையும் போயிற்று.

ஜீவிதாவுக்கு நாலு வயது. ஆடி மாதக் காய்ச்சலில் அவள் அம்மா ராஜப்ரியா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். 'அம்மா மருந்து வாங்கப் போயிருக்குது' என்று அப்பா கமலேஷ் பிள்ளையிடம் சொல்லிவைத்தான். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஈவ்லினும் சொன்னாள். பிள்ளை கேட்கும்போதெல்லாம், "வந்துருவாங்க கண்ணு" என்று தலையைத் தடவிவிட்டு வேறு பேச்சை எடுப்பாள்.

ஆகவே அவள் யானைக்குட்டிப் படத்தைத் தேர்ந்தெடுத்தாள். கூட்டத்தைத் தவறவிட்ட குட்டி மலையுச்சிக்கு ஏறித் தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறுகிறது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து தாய் யானை மெல்ல வெளியே வருகிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜீவிதா மட்டும் தட்டவில்லை. திரை அணைந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இன்னொருக்கா போடுங்க டீச்சர்" என்றாள். மறுநாளும் அதையே கேட்டாள். அந்த வாரம் முழுக்கக் கேட்டாள். பிள்ளை முகத்தில் இத்தனை நாள் கழித்து ஒரு தெளிவு வந்திருப்பதாக ஈவ்லின் நினைத்தாள். நல்ல படமாகப் பார்த்து எடுத்தோம் என்று தனக்குள் மகிழவும் செய்தாள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, பால் ஊற்றும் நேரத்தில் ஜீவிதாவின் பாய் காலியாக இருந்தது.

வெளியே பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முந்தின நாள்தான் மேல் காட்டில் காட்டுமாடுகளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். சமையல் செய்யும் ஆண்டாயி கிணற்றுப் பக்கம் ஓடினாள். பேக்டரிக்குப் போன் போட்டு, அங்கே வேலையிலிருந்த கமலேஷை வரச்சொன்ன ஈவ்லினுக்கு, போனை வைக்கும்போதே பிள்ளை எங்கே இருப்பாள் என்பது தெரிந்துவிட்டது. மலைதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலையுச்சியிலிருந்த மேல்பாறைக்கு ஏறினாள். ஈரத்தில் செருப்பு வழுக்கியது, கழற்றி எறிந்தாள். அழித்த அந்த வாத்துக்குஞ்சு நெஞ்சுக்குள் நீந்திக்கொண்டே வந்தது. அதைப் பார்த்திருந்தால் பிள்ளை அழுதிருப்பாள். அழுது முடித்திருப்பாள்.

மேலேயிருந்து குரல் கேட்டது. "அம்மா."

பாறையின் நுனியில் ஜீவிதா நின்றிருந்தாள். ஒரு கையை மூக்குக்கு நேராக நீட்டி உயர்த்தியிருந்தாள். ஈவ்லின் ஓடிப்போய் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை திமிறவில்லை.

"யானைக்குட்டி மூணு தடவதானே டீச்சர் கூப்புட்டுச்சு. நானு நெறையாக் கூப்புட்டுட்டேன்."

குரலைக் கேட்டுக் கமலேஷும் பின்னாலேயே மூச்சு வாங்க வந்து நின்றான். சட்டையெல்லாம் தேயிலைத் தூள். மகளைத் தொடப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

"சொல்லீர்லாந் தம்பி," என்றாள் ஈவ்லின். "இனி என்னால பொய் சொல்ல முடியாது."

"எனக்கு வாய் வராதுங்க டீச்சர். நீங்களே சொல்லீருங்க."

ஈவ்லின் ஈரப்பாறையில் மண்டியிட்டாள். சுற்றி வளைத்துச் சொல்ல எத்தனையோ வார்த்தைகள் வந்தன. அத்தனையும் மறுபடி அந்த யானைப் படம்தான்.

"கண்ணு, அம்மா செத்துப் போயிட்டாங்க. எத்தன தடவ கூப்புட்டாலும் அவங்களால வர முடியாது சாமி."

"படத்துல வந்துச்சே."

"படத்துல வந்துச்சு. நாந்தான் அந்தப் படத்த எடுத்தேன். தப்புப் பண்ணிட்டேன்."

பிள்ளை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கமலேஷ் பாறையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டிருந்தான். அவன் முதுகு குலுங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஈவ்லினின் பிடிக்குள்ளிருந்தே பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பி, முன்னைவிடச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"அம்மா."

காற்று பனியை ஒருபக்கமாக ஒதுக்கியது. கீழே சரிவு முழுக்கத் தேயிலைச் செடிகளுக்குள் குனிந்திருந்த பெண்கள், பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிக்கட்டிய இடுப்பை நிமிர்த்தி, ஒருத்தி பின் ஒருத்தியாக அண்ணாந்து மேலே பார்த்தார்கள்.