உச்சிமாகாளி சுத்தம் செய்த காடு

கார் கம்பெனி நைட் ஷிஃப்ட்டிலிருந்து என்னை நிறுத்திய பிறகு எனக்குக் கிடைத்த வேலை, காட்டுக்கு வைத்தியம். பிள்ளைப்பாக்கம் ஏரிக்குப் பின்னாலிருக்கும் புதர்க்காட்டை நலமாக்க அரசு மானியம் கொடுத்திருந்தது. வேலையை எடுத்தது சரோஜாக்காவின் மகளிர் குழு. சீமைக்கருவேலத்தை வேரோடு தோண்ட வேண்டும். காரை, கிளுவை என்று நாட்டுச்செடி எதையும் தொடக் கூடாது. வனவர் ஜோதி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை. இல்லையென்றால் யாருக்கும் வேலை இல்லை.

"காட்டுக்கு என்னலே சீக்கு?" என்றான் என் அறையில் தங்கியிருந்த உச்சிமாகாளி. விளாத்திகுளத்துக்காரன். அவனையும் கம்பெனியில் நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் கூட்டிப் போனேன்.

சரோஜாக்கா அவனுக்கு ஓர் ஓரத்தைக் காட்டி, "இந்தக் காட்ட சுத்தம் பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டு எங்களை ஏரிக்கரைப் பக்கம் அழைத்துப் போனார். சாப்பாட்டு நேரத்தில் திரும்பினால் அந்த ஓரம் கார் கம்பெனி பார்க்கிங் மாதிரி இருந்தது. ஒரு செடி இல்லை.

"டேய், இன்னாடா இது? மொட்ட அடிச்சி வெச்சிகிற!"

"நீங்கதானக்கா சுத்தம் பண்ணச் சொன்னீய. விதைக்கிற பதத்துல அறுத்துப் போட்டிருக்கேன்."

"காட்டுல எவன்டா விதைப்பான்?"

"பின்ன, ரோட்டுலயா விதைப்பாவ? எங்கூர்ல கம்பு, உளுந்து எல்லாம் காட்டுலதான்."

"அது கொல்லிடா! கொல்லி!"

இங்கே கொல்லை என்கிற மானாவாரி நிலத்துக்குத் தெற்கே காடு என்று பெயர். சரோஜாக்காவுக்கு அது எப்படித் தெரியும்?

ஜோதி மேடம் வந்து பார்த்தார். திட்டவில்லை, அது இன்னும் மோசம். "வேர் உள்ளதான இருக்கு? மழைக்கு அப்புறம் வரேன். காட்டுச்செடி தானா துளிர்த்திருந்தா கையெழுத்து. நட்டு வெச்சி ஏமாத்தாதீங்க."

மழை பெய்தது. உச்சிமாகாளி தினமும் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முதலில் வந்தது சீமைக்கருவேலம். தோண்டினான். அப்புறம் என்னென்னவோ தலைகாட்டின.

"அக்கா, இதப் பிடுங்கவா, விடவா?"

"உனுக்குப் பதில் சொல்லியே என் தொண்ட பூடுச்சிடா."

விட்டதைச் சுற்றியெல்லாம் கல் வைத்தான்.

மேடம் வந்து ஒவ்வொரு கல்வட்டமாகக் குனிந்தார். காரை. கிளுவை. மறுபடியும் காரை. அடிக்கட்டையிலிருந்தே துளிர்த்திருந்தன. கடைசி வட்டத்தில் நின்றுவிட்டார். நீள இலையோடு ஒன்று.

"இது கம்பு. யார் போட்டது?"

சரோஜாக்கா என்னைப் பார்த்தார். நான் உச்சிமாகாளியைப் பார்த்தேன்.

"நான் போடல மேடம். குருவி போட்டிருக்கும். அக்காட்ட கேட்டேன், புல்லு, விடுடான்னாவ."

"நீ கம்பே பாத்ததில்லையா?"

"பாக்காம என்ன? தெரிஞ்சுதான் விட்டேன்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "இத மட்டும் பிடுங்கிடு."

உச்சிமாகாளி அசையவில்லை.

"காட்டுலதான மேடம் நிக்கி?"